வேங்கிக்காலுக்குக் குடிவந்த வேப்பமரம்

வேப்பம்பூவை விலை கொடுத்து வாங்கியது எங்கள் குடும்பத்தில் இந்த வருஷம்தான் முதல் தடவை. சித்திரைப் பிறப்புக்கு நாலு நாள் முன்னால் திருவண்ணாமலையில் போய் இறங்கினேன். வேங்கிக்காலுக்கு ஆட்டோ பிடிப்பதற்குள் அண்ணியிடமிருந்து போன். "வரும்போது மளிகைக் கடையில காய்ஞ்ச வேப்பம்பூ அம்பது கிராம் வாங்கிட்டு வந்துடு. அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே."

வருஷப்பிறப்பு பச்சடிக்கு வேப்பம்பூ இல்லாமல் எப்படி? மாங்காய், வெல்லம் எல்லாம் வீட்டில் இருக்கிறதாம். பூதான் இல்லை. அறுபது வருஷமாக வாசல் மரத்தடியில் பழைய புடவையை விரித்து, காலையில் அள்ளி, முறத்தில் புடைத்து, நிழலில் காயவைத்து, உற்றார் உறவினருக்கெல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்தவள் என் அம்மா. அவளுக்குத் தெரியாமல் கடையில் பூ வாங்கி, தயிர் மிளகாய் பொட்டலத்துக்கு அடியில் ஒளித்துக்கொண்டு போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பூர்வீக வீடு போளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். தெற்கு பார்த்த வீடு. வாசலில் ஒரு வேப்பமரம், அம்மா கல்யாணமாகி வந்த வருஷம் மாமியார் நட்டது. போன வருஷம் ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். திண்ணை போயிற்று, வாசல் போயிற்று, மரத்துக்கும் சிவப்புப் பெயின்டில் நம்பர் விழுந்தது. முட்டிவலியோடு அம்மா தனியாக இனி அங்கே இருக்கக் கூடாது என்று அண்ணன் தீர்மானித்தான். வேங்கிக்காலில் அவன் வீட்டிலேயே கீழ் அறையை ஒழித்துக் கொடுத்தான். அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள். "நான் வரேன். மரத்தையும் கூட்டிட்டு வா."

நான் சென்னையிலிருந்து போனில் கேட்டுச் சிரித்தேன், தப்புதான். அறுபது வயசு மரத்தை எப்படிக் கூட்டிக்கொண்டு வருவது? ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. விசாரித்ததில், வேங்கிக்காலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மரத்தை வேரோடு எடுத்து வேறிடத்தில் வைத்துக் கொடுக்கிற ஒரு நர்சரி இருப்பது தெரிந்தது. செலவு ஒரு கறவை மாட்டு விலை ஆயிற்று. அண்ணியின் வளையல் ஒன்று அதற்காக பேங்குக்குப் போனது எனக்குப் பிறகுதான் தெரியும். அண்ணன் வீட்டு மனையில் ஒரு முருங்கைக்குக்கூட இடமில்லை. அதனால் நர்சரிக்காரரின் நிலத்திலேயே, வேலி ஓரமாக, மரத்துக்கு நிரந்தரமாக ஒரு இடம் பேசி முடித்தார்கள். ஐப்பசி மாதம் மரம் அங்கே வந்துவிட்டது. வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். ஆனால் இந்த ஆறு மாதத்தில் அம்மா ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

"பிழைச்சாச்சுன்னு நீ பார்த்துட்டு வந்து சொல்லு. அப்புறம் வரேன். கட்டையா நிக்கறதப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை."

அதனால்தான் நான் அங்கே போனேன்.

வேங்கிக்கால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிவலத்துக்கு வருகிறவர்கள் கோயிலையும், 14 கிலோமீட்டர் பாதையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இந்தப் பக்கம் வருவதில்லை. திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகிற ரோட்டில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம் இது. 1989ல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினார்கள். இன்று வேங்கிக்காலில் எங்கு பார்த்தாலும் ஆபீஸ், குடியிருப்பு, புது மனைகளின் வெள்ளைக் கல். ஒரு பெரிய ஏரி உண்டு. எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் தென்மேற்கே அண்ணாமலை, 2,668 அடி, முழுசாகத் தெரியும். அண்ணி துணி உலர்த்தும்போது மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் முதல் கிளிப்பை மாட்டுவாள்.

இந்த மலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் விறகுக்கும் ஆடு மேய்ச்சலுக்கும் கோடைத் தீக்கும் இரையாகி மொட்டைப் பாறையாகத் தெரிந்தது. 1988ல் அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி என்று ஒன்று தொடங்கி நாற்று விட்டு நட ஆரம்பித்தார்கள். பிறகு ஃபாரஸ்ட் வே அறக்கட்டளையும் வனத்துறையும் சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு கோடையிலும் மலையில் காய்ந்த புல் தீப்பிடிக்கும், இரவில் ஆட்கள் ஏறிப்போய்ப் பச்சைக் கிளைகளால் அடித்து அணைப்பார்கள். இன்று கீழ்ச்சரிவுகள் பச்சையாகத் தெரிகிறதென்றால் அதன் பின்னால் முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் மரத்துக்காகச் சண்டை போடவும் தயங்கமாட்டார்கள். 2016ல் கிரிவலப் பாதையை அகலமாக்க மரங்கள் வெட்டப்பட்டபோது பெரிய எதிர்ப்புக் கிளம்பி, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போயிற்று. இப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில் மரத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர் ஒருவர் இருப்பதில் ஆச்சரியமில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டேன். எட்டு மணிக்கு மேல் வெயிலில் மனுஷன் நடக்க முடியாது. நமக்கு வசந்தம் என்றால் சினிமாவில் பனிமூட்டமும் பூந்தோட்டமும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நிஜத்தில் நம்முடைய வசந்தம் இந்த வெயில்தான். மண் வெடித்துக் கிடக்கிறது, கிணறு கீழே போய்விட்டது. அந்த நேரத்தில் பாருங்கள், ரோட்டோரப் புங்கமரம் மொத்த இலையும் மாற்றிக்கொண்டு, எண்ணெய் தடவினாற்போலப் பளபளக்கிற தளிரோடு நிற்கிறது. அரசமரம் செம்புத் தகடுகளை மாட்டிக்கொண்டிருக்கிறது. வாகை பூத்திருக்கிறது. சரக்கொன்றையில் முதல் சரங்கள். மழை பெய்தால் மரம் தளிர்க்கும் என்று நாம் நினைக்கிறோம். இந்த மரங்களோ மழை வருவதற்கு முன்னாலேயே, போன மழையில் சேர்த்து வைத்ததை எடுத்துச் செலவழித்துத் தளிர்த்து வைத்துக்கொள்கின்றன. இந்தச் 'சேர்த்து வைத்தது' என்கிற சங்கதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நர்சரிக்குப் போர்டு கிடையாது. பனையோலைத் தட்டி வேலி, உள்ளே பச்சை வலைப் பந்தல், கீழே பாத்தி பாத்தியாக நாற்றுப் பைகள். நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நர்சரிக்காரருக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கலாம். முன்னே மரம் அறுக்கிற வாடியில் வேலை பார்த்தவராம். "பதினஞ்சு வருஷம் மரத்தை வெட்டினேங்க்கா. இப்ப அதுக்கு வட்டி கட்டறேன்" என்றார். பேரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை.

கன்றுப் பகுதி முழுக்க அவர் மனைவி ராஜ்யம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின தொழுவுரம் ஒரு பங்கு, இதுதான் அவர்கள் கலவை. நான் ஆசையாக, "வேப்பங்கொட்டை கொஞ்சம் கொடுங்க, சென்னையில தொட்டியில போடறேன்" என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்தாள். "இப்ப ஏதுக்கா கொட்டை? ஆனி ஆடியில பழம் உதிரும். சதையைக் கழுவிட்டு ரெண்டு மூணு வாரத்துக்குள்ள போட்டுடணும். டப்பாவுல போட்டு வச்சீங்கன்னா முளைக்காது." இத்தனை வருஷம் நான் பத்திரமாக டப்பாவில் வைத்து, முளைக்கவில்லையே என்று மண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

பின்பக்கம் அரை ஏக்கர் இருக்கும். அங்கேதான் பெரிய மரங்கள். போனவுடன் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தமாதிரி இருந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் அடிமரத்தைச் சுற்றி ஈரச் சாக்கு. மூன்று பக்கமும் முளை அடித்துக் கயிறு. கயிறு உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டயர் துண்டு. கிளைகளையெல்லாம் கழித்திருந்ததால் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தன. வெட்டின இடங்களில் நீலமாகப் பூச்சு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை, பூஞ்சாளம் பிடிக்காமல் இருக்க.

அரசு இரண்டு, ஒரு ஆல், ஒரு அத்தி, தூங்குமூஞ்சி ஒன்று, வேம்பு மூன்று, ஓரத்தில் ஒரு மகிழ மரம். அரசும் ஆலும் ஒன்றுமே நடக்காததுபோல ஜாம் ஜாமென்று தளிர்த்திருந்தன. "இந்த ஜாதி போட்ட இடத்துல பிழைச்சுக்கும்க்கா. ஒரு கிளையை ஒடிச்சு நட்டாலே வேர் விடும். ஆணிவேர் ஆழமாப் போற மரம்தான் வம்பு பண்ணும். வயசான மா, புளி எல்லாம் நான் கைவைக்கறதே இல்லை. பணம் கொடுத்தாலும் வேணாம்னு அனுப்பிடுவேன்."

"எங்க வேம்பு?"

அவர் கையைக் காட்டினார். வேலி ஓரம், மலையைப் பார்த்தமாதிரி. நான் கிட்டே போகாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த மரத்தடியில்தான் நான் பாண்டி ஆடினது, அம்மை வார்த்துப் படுத்தது எல்லாம். இப்போது உயரம் பாதி ஆகியிருந்தது. ஆனால் உச்சியில், வெட்டின மொழிகளிலிருந்தெல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் கொத்துக் கொத்தாகத் தளிர்! எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. போனை எடுத்து, "அம்மா, பிழைச்சாச்சு!" என்று சொல்ல நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இருங்க. இன்னும் சொல்லாதீங்க" என்றார் நர்சரிக்காரர்.

அதற்கப்புறம் அவர் சொன்னதைக் கேட்டபின் எனக்குப் போனைப் பைக்குள் போட்டுவிடத்தான் தோன்றியது.

ஒரு மரத்தைத் தோண்டி எடுக்கும்போது நாம் நினைக்கிறமாதிரி வேர் முழுவதும் கூட வருவதில்லை. வேர் ஆழத்தில் இருப்பதைவிட அகலத்தில்தான் அதிகம். தண்ணீரை உறிஞ்சுகிற மெல்லிய வேரெல்லாம் மேலாக இரண்டு மூன்றடி மண்ணுக்குள், கிளை விரிவையும் தாண்டி ஓடியிருக்கும். அடிமரம் ஒரு அடி குறுக்களவு இருந்தால் எட்டு முதல் பத்தடி குறுக்களவுக்கு மண்ணோடு எடுக்க வேண்டும் என்பது மேல்நாட்டுக் கணக்கு. "நம்ம லாரி அகலமே எட்டடிதானேக்கா!" என்றார். ஆறடிக் குறுக்களவு, மூன்றடி ஆழத்துக்கு மண் எடுத்தாலே நாலு டன் தாண்டுகிறது. இப்படி எடுக்கிறபோது மெல்லிய வேரில் பத்தில் ஒன்பது பங்கு பழைய இடத்திலேயே அறுபட்டு நின்றுபோகிறது. மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் மரம் குடித்தனம் நடத்த வேண்டும். வேரோடு ஒட்டி வருகிற அந்த மண்ணை இவர்கள் 'தாய்மண்' என்கிறார்கள். அது உதிர்ந்துவிட்டால் மரம் போச்சு.

"அப்போ இந்தத் தளிர்?"

"இது அடிமரத்துல சேர்த்து வச்சிருந்த சாப்பாடுக்கா. வேர் ஒண்ணுமே பண்ணாம இருந்தாலும் ஒரு தடவை தளிர்த்துடும். வெட்டிப் போட்ட முருங்கைக் கட்டை சுவத்தோரம் கிடந்து தளிர்க்குதில்ல? அதுமாதிரி. கிரகப்பிரவேசம், பங்களா, ரிசார்ட்டுன்னு மரம் வைக்கிறவங்க இந்தத் தளிரைப் பார்த்து போட்டோ எடுத்துட்டு தண்ணியை நிறுத்திடுவாங்க. வைகாசியில மொத்தமாச் சுருண்டுடும். இந்தக் கோடையைத் தாண்டி, ஆடியில ரெண்டாவது தடவை தளிர் விட்டாத்தான் வேர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். முழுசா ஊணிக்க மூணு நாலு வருஷம்."

அவர் சொன்னது அவருடைய அனுபவம் மட்டுமில்லை. டெல்லியில் 2020ல் மரங்களை வெட்டாமல் இடம் மாற்ற வேண்டும், மாற்றினதில் நூற்றுக்கு எண்பது பிழைக்க வேண்டும் என்று அரசாங்கமே கொள்கை வகுத்தது. 2022ல் ஹைகோர்ட்டில் சொன்ன கணக்கின்படி முந்தைய மூன்று வருஷத்தில் இடம் மாற்றிய 16,461 மரங்களில் 5,487தான் உயிரோடு இருந்தன. மூன்றில் ஒன்று! 'இந்த மரங்களை வெட்டவில்லை, வேறிடத்தில் நடுகிறோம்' என்று இனி யாராவது சொன்னால், 'ரெண்டு வருஷம் தண்ணி ஊற்றப் போவது யார்?' என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

பின்னே ஏன்தான் செய்கிறார்கள்? ஒழுங்காகச் செய்தால் பிழைக்கிறது என்பதால்தான். எங்கள் மரத்துக்கு அவர் செய்ததைக் கேளுங்கள். ரோட்டுக்காரர்கள் நோட்டீஸ் கொடுத்தது ஆனி மாதம். உடனே போய் மரத்தைச் சுற்றி வட்டம் போட்டார். ஆடியில் பாதி வட்டத்துக்கு மட்டும் பள்ளம் தோண்டி வேரை ரம்பத்தால் சுத்தமாக நறுக்கி, மண்ணும் தொழுவுரமும் போட்டு மூடினார். ஆவணிக் கடைசியில் மீதிப் பாதி. நறுக்கின இடத்தில் மரம் புது மெல்லிய வேர் விடும், அது தாய்மண்ணுக்குள்ளேயே இருக்கும். ஐப்பசி மழையில் மண் ஈரமாக இருக்கும்போது உருண்டையைச் சாக்கால் சுற்றி, கயிற்றுக் கட்டிலுக்குப் பின்னுகிறமாதிரி குறுக்கும் நெடுக்கும் கட்டி, கிரேனில் தூக்கி, ராத்திரி பதினொரு மணிக்குமேல் லாரியில் ஏற்றி, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மின்சாரக் கம்பி வருகிற இடமெல்லாம் ஒரு பையன் நீளமான மூங்கிலோடு முன்னால் ஓடினானாம். அண்ணன் பின்னால் ஸ்கூட்டரில். "பொண்ணு வீட்டுக்காரன் மாதிரி வந்தேன்" என்று அவன் சொல்லிச் சிரிப்பான்.

நர்சரிக்காரர் ஒரு இடத்தில் நின்று, சாக்கை விலக்கிக் காட்டினார். பட்டையில் மஞ்சளும் குங்குமமும் மங்கலாக, இத்தனை மழை வெயிலுக்கும் போகாமல் பட்டை வெடிப்புக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. செவ்வாய், வெள்ளி அம்மா பூசினது. வாசற்படியில் நின்று பூசுவாள், அதனால் வீட்டைப் பார்த்த வடக்குப் பக்கம் மட்டும்தான் இருக்கும்.

"மரம் எடுக்கும்முன்னாடி வடக்கு எதுன்னு பெயின்ட்ல அடையாளம் வைப்போம்க்கா. தெக்கும் மேக்கும் வெயில் பட்டுப் பட்டு உரம் ஏறின பட்டை, வடக்குப் பட்டை நிழல்லயே வளர்ந்தது, இளசு. திருப்பி வச்சுட்டா இளசுப் பக்கம் வெயில்ல வெந்து வெடிச்சுடும். உங்க மரத்துக்குப் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே இல்லை. பொட்டு வச்ச பக்கம் வடக்குன்னு அம்மா சொல்லிட்டாங்க."

சென்னைக்குத் திரும்பினபின் இதைத் தேடிப் படித்தேன். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் விருட்சாயுர்வேதம் என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. மரத்தை எடுத்து வேறிடத்தில் நடுவதற்கு முன் நெய், எள், தேன், பால், சாணம், வெட்டிவேர், வாய்விளங்கம் எல்லாம் சேர்த்து வேரிலிருந்து அடிமரம்வரை பூசச் சொல்கிறார். அடிமரம் பெருத்த மரங்களை மழைக்காலத் தொடக்கத்தில் நட வேண்டும் என்கிறார். எந்தத் திசை பார்த்து இருந்ததோ அதே திசை பார்த்து வைக்க வேண்டும் என்றும்! நெய்யும் தேனும் ஊற்ற நம்மால் ஆகாது. திசை மட்டும் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

அப்புறம் கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர், பழுப்பு தெரிந்தால் இல்லை. வடக்குப் பக்கம் பச்சை. கிழக்கே பச்சை. மேற்கே, நெஞ்சு உயரத்தில் பழுப்பு. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "கிரேன் பெல்ட் அழுத்தின இடம். இதுக்குக் கீழயும் மேலயும் பச்சை இருக்கு. அதுவே சுத்தி மூடிக்கும். இல்ல, அந்தப் பக்கக் கிளை ஒண்ணு போகும்" என்றார். பொய் சொல்லாத டாக்டர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

தண்ணீர் விஷயத்தில் அவர் கடுமை. தினம் ஊற்றக் கூடாதாம். ஒரு இரும்புக் கம்பியைத் தாய்மண்ணில் ஒரு அடிக்கு இறக்கி, உருவிப் பார்க்கிறார். ஈர மண் ஒட்டியிருந்தால் இன்றைக்கு வேண்டாம். வேருக்குக் காற்றும் வேண்டும், சொதசொதவென்று வைத்தால் அழுகிவிடும். யூரியா, கிரியா எதுவும் முதல் வருஷம் போடுவதில்லை. "காய்ச்சல்காரனுக்குப் பிரியாணி போடற மாதிரி." மேலே சருகு மூடாக்கு அரை அடி, ஆனால் அடிமரத்தைத் தொடாமல் நாலு விரல்கடை விட்டு. நம் வீட்டு மாமரத்துக்கும் இதுதான் முறை என்றார். நாம் அழகாக இருக்கட்டும் என்று அடிமரத்தில் மண்ணைக் குவித்துவைக்கிறோமே, அது மரத்தின் கழுத்தை மூடுவதற்குச் சமமாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் அதைப் பார்த்தேன். தளிர்களுக்கு நடுவே பூ! கொஞ்சமாக, வெள்ளையாக, அந்த வாசனையோடு. எனக்கு மறுபடி சந்தோஷம் வந்துவிட்டது.

அவருக்கு வரவில்லை. "இது நல்லதுக்கும் பூக்கும், கெட்டதுக்கும் பூக்கும்க்கா. தான் இருக்கமாட்டோம்னு தெரிஞ்ச மரம் விதை விட்டுட்டுப் போகப் பாக்கும். எதுன்னு இப்பத் தெரியாது. எதுவா இருந்தாலும் காய் பிடிக்க விடக்கூடாது, இருக்கற தெம்பு அதுக்குப் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே ஏணியைச் சாத்தி ஏறினார். ஒரு காம்பு விடாமல் பூங்கொத்துகளைக் கிள்ளிக் கீழே போட்டார். எனக்கு மனசு என்னவோ செய்தது. அவர் மனைவி வந்து கீழே விழுந்ததையெல்லாம் பொறுக்கி, ஒரு நியூஸ்பேப்பரில் பொட்டலம் கட்டி, என் கையில் கொடுத்தாள். ஒரு பிடி இருக்கும்.

திரும்பி வருகிற வழியெல்லாம் யோசனை. இதை அம்மாவிடம் கொடுப்பதா? 'பூத்திருக்கு' என்று கேட்டால் துள்ளிக் குதிப்பாள், நாளைக்கே போக வேண்டும் என்பாள். வைகாசியில் ஏதாவது ஆகிவிட்டால்? கொடுக்காமல் குப்பையில் போடவும் கை வரவில்லை. சாயந்திரம் அண்ணன் வேறு கோயில் கதையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அருணாசலேஸ்வரர் கோயிலின் ஸ்தல விருட்சம் மகிழ மரம். சித்திரை வசந்த உற்சவத்தில் சுவாமி அந்த மகிழ மரத்தைப் பத்துச் சுற்று வலம் வருவார், பொம்மை ஒன்று சுவாமிமேல் பூ கொட்டும். "சுவாமியே மரத்தைச் சுத்தி வர்ற ஊரு இது. உன் வேம்பு பிழைச்சுடும் போ" என்றான். அவனுக்கு எல்லாம் விளையாட்டு. அம்மா சுவரோரம் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாளே தவிர ஒன்றும் கேட்கவில்லை.

ராத்திரி விளக்கை அணைக்கும்போதுதான் கேட்டாள். "எந்தப் பக்கம் பார்த்து வச்சிருக்கான்?"

"வடக்கு வடக்காவே இருக்கும்மா. பொட்டு அப்படியே இருக்கு."

"ம்."

எழுந்துபோய்ப் பொட்டலத்தை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். இருட்டில் பிரித்தாள். வாசனையே சொல்லிவிட்டது. காம்பைத் தடவிப் பார்த்தாள். உதிர்ந்த பூ இல்லை, கிள்ளின பூ என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. நான், தளிர் மட்டும் போதாதாம், ஆடி மாதம் வரைக்கும் சொல்ல முடியாதாம், மேற்குப் பக்கம் கொஞ்சம் காய்ந்திருக்கிறதாம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா கேட்டுக்கொண்டாள்.

"பூவை எல்லாம் கிள்ளிட்டானா?"

"ஆமாம்மா."

"வேலை தெரிஞ்ச பையன். என் மாமியார் நட்ட அன்னிலேருந்து மூணு வருஷம் அந்த மரத்தைப் பூக்கவே விடலை. கிள்ளிக் கிள்ளிப் போடுவாங்க. எனக்குக் கோவம் கோவமா வரும்."

சித்திரை ஒண்ணாம் தேதி பச்சடிக்கு அம்மாவே அடுப்படிக்கு வந்தாள். நான் வாங்கிவந்த கடைப் பூவை எடுத்து நெய்யில் வறுத்தாள். பொட்டலத்துப் பூவிலிருந்து ஒரு சிட்டிகையை அதன்மேல் தூவினாள். மிச்சத்தை முறத்தில் பரப்பி, நிழலில் காயட்டும் என்று ஜன்னலோரம் வைத்தாள்.

"ஆடியில நீ வருவேல்ல?" என்றாள் என்னிடம். "அப்ப ரெண்டு பேருமாப் போவோம். ஆட்டோக்காரன்கிட்ட மெதுவாப் போகச் சொல்லணும், ரோடு தூக்கிப் போடுதாம், உங்க அண்ணி சொன்னா."

ஆடிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.